ஓடக்கூடாத வரி

வாவியில் வெயில் சாய்கிறது. தண்ணீரில் பட்ட செம்மஞ்சள் ஒளி யன்னலால் வந்து அறைக் கூரையில் நெளிகிறது. கஜானியும் மேனுகாவும் ஒரே லேப்டாப்பின் முன்னால் குனிந்திருக்கிறார்கள். கெம்பஸ் வேலைக்காக அவர்கள் எழுதும், நிரலை எந்திரக் கட்டளைகளாக மாற்றும் கம்பைலரில், ‘ரிட்டர்ன்’ என்ற திரும்பும் கட்டளைக்கான பகுதி இப்போதுதான் முடிந்திருக்கிறது. விடையை எடுத்து வைக்க வேண்டும். கூப்பிட்ட இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும். ரிட்டர்னுக்குக் கீழே இருக்கும் எந்த வரியும் ஓடக்கூடாது. சோதனை நிரலை ஓடவிட்டுப் பார்க்கக் கஜானி தட்டுகிறாள். கறுப்புத் திரையில், விடைக்கு முன்னால் வேறொரு வரி வந்து நிற்கிறது.

“ஆர் என்னை எழுப்பினது?”

மேனுகாவின் தேத்தண்ணிக் கோப்பை வாய்க்குப் போகாமல் நிற்கிறது. “டிலக்சன்ட வரிதானே இது?” அவர்களோடு படித்தவன்; இந்தச் சோதனை நிரலை எழுதியவன் அவன். ரிட்டர்ன் பிழையாக ஓடினால் காட்டிக்கொடுக்கட்டும் என்று, ஓடவே கூடாத இடத்தில் இந்த வரியைப் பகிடிக்குப் போட்டு வைத்தான். மார்கழி வெள்ளத்தில் அவன் போன தோணி கவிழ்ந்தது. மூன்றாம் நாள்தான் உடலைக் கண்டெடுத்தார்கள்.

“விடைய எடுத்து வச்சன். வெளிய தாவச் சொல்லாம விட்டுட்டன்,” என்கிறாள் கஜானி. விடுபட்ட கட்டளையைச் சேர்த்துத் திரும்பவும் தட்டுகிறாள். விடை மட்டும் வருகிறது. “அப்பாடா,” என்கிறாள் மேனுகா. கூரையில் ஒளி அணைகிறது. வெளியே ஆளில்லாத தோணியொன்று கட்டிய கம்பில் முட்டி முட்டிச் சத்தமிடுகிறது. கஜானி, சேர்த்த கட்டளையை அழிக்கிறாள். தட்டுகிறாள்.

“ஆர் என்னை எழுப்பினது?”

“நான்தான்டா,” என்கிறாள், திரையைப் பார்த்து.