காத்திருக்காத காப்பி

"காப்பி ஆகுற வரைக்கும் கம்ப்யூட்டரையே மொறச்சிக்கிட்டு இருக்கிறவன், உப்பு விளையறத உப்பளத்திலேயே குந்திப் பாக்கிறவன்தான்" என்று சிரித்தான் ஜெயசீலன்.

மரக்காணத்து ஸ்டுடியோ ஒன்றுக்காக அவன் பைத்தானில் எழுதிய புரோகிராம் அது. விண்டோஸ், மேக், லினக்ஸ் எதுவானாலும் ஃபைல்கள் பின்னணியில் தானாகக் காப்பி ஆகும். நாம் அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

சத்யப்ரியா மெமரி கார்டை நீட்டினாள். "கல்யாண வீடியோங்க. வேற காப்பி கிடையாது."

"மேடம், புரோகிராம் எழுதுனது யாரு?"

பட்டனைத் தட்டினான். மறுநொடியே திரை அடுத்த வேலைக்குத் தயாராக நின்றது.

"அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?"

"பச்சைக் கோடு நகர்றதப் பாத்தாதான் உங்களுக்கெல்லாம் நிம்மதி!" என்றவன், அடுத்த வேலையாகக் கார்டை முழுசாக அழித்தான்.

பிறகுதான் கம்ப்யூட்டரில் வீடியோவைத் திறந்தான். நாதஸ்வரக்காரர் எச்சில் விழுங்கினார். அவ்வளவுதான், படம் நின்றுவிட்டது. கார்டை அழித்தபோது காப்பி அப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

"முடிஞ்சிடுச்சான்னு அதுகிட்ட ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?"

ஜெயசீலனுக்கு வியர்த்து ஊற்றியது. வாயெல்லாம் மரக்காணத்து உப்பளமாய்க் கரித்தது. "வீடியோ எங்கன்னு கேட்டா என்ன சொல்றது?"

"எங்கப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன். உங்கம்மாகிட்ட நீங்க சொல்லுங்க."

அவன் தலை தொங்கியது. சத்யப்ரியா புதுத் தாலிச்சரடை எடுத்து வெளியே விட்டுக்கொண்டாள்.

"மணவறையிலகூட போன்ல இந்தப் புரோகிராமைத்தானே நோண்டிக்கிட்டு இருந்தீங்க? இன்னொரு தடவ கட்டுங்க, வீடியோ எடுத்துக்கலாம். ஆனா மூணு முடிச்சும் முடியற வரைக்கும் வேற வேலை பாக்கக் கூடாது."