பாதி கரண்ட்

"இந்தப் பெட்டியைச் செருகினா பாதி கரண்ட்தான் ஆகும்னு சொல்றீங்க. அப்ப ரெண்டு பெட்டி செருகினா கரண்டே ஆகாதா?"

வாசலில் நின்ற விற்பனைப் பெண் கையிலிருந்த விளம்பரத் தாளைப் புரட்டினாள். பயிற்சியில் இந்தக் கேள்விக்குப் பதிலை யாரும் சொல்லித் தரவில்லை.

"அப்படி இல்ல சார். இது வர்ற கரண்ட்டைச் சீராக்கி..."

"இவ்வளவு நாளா கோணலாவா வந்துட்டு இருந்துச்சு?"

வேறு நாளாக இருந்தால் அவளே சிரித்திருப்பாள். இன்றைக்கு ஒரு பெட்டியாவது விற்காவிட்டால் நாளை வேலைக்கு வரவேண்டாம் என்று மேற்பார்வையாளர் காலையிலேயே சொல்லிவிட்டார். தெருவில் இதுதான் கடைசி வீடு.

வீட்டுக்காரர் பெட்டியைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். பிறகு கதவை முதுகுக்குப் பின்னால் ஒருக்களித்துச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"என் தலையில மிளகாய் அரைக்காம சொல்லும்மா. இதுக்குள்ள என்ன இருக்கு?"

அவளுக்கு அலுத்துவிட்டது. எப்படியும் இந்த மனிதர் வாங்கப்போவதில்லை. இன்னும் எதற்குப் பொய்?

"ஒரு சின்ன பச்சை விளக்கு இருக்கு சார். மத்தபடி பெரிசா ஒண்ணும் இல்ல."

"பில் குறையுமா?"

"எங்க வீட்டுல மாட்டிப் பார்த்தேன். குறையல."

"ஷாக் அடிக்குமா? வேற ஏதாவது சாமானைக் கெடுத்துடுமா?"

"கெடுக்கறதுக்கும் உள்ள ஏதாவது இருக்கணுமே சார்."

அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. "இதைப் போய் யாரும்மா நம்பி வாங்குறாங்க?"

"பெரும்பாலும்... வயசானவங்கதான்" என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

அவர் சாத்திய கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தாள். திட்டினாலும் தப்பில்லை. பையின் ஜிப்பைத் திறந்து, பெட்டிக்காகக் கையை நீட்டினாள். வீட்டுக்குப் போகிற வழியில், சித்தியின் தையல் கடையில் ஆள் வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போகலாம்.

அவர் பெட்டியைத் திருப்பித் தரவில்லை. சட்டைப் பையில் கையை விட்டுப் பணத்தை எடுத்தார்.

"செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாம்மா" என்றார். "இப்ப சொன்னதையெல்லாம் மறந்துடு. முதல்ல வந்து நின்னு பாதி கரண்ட்னு சொன்னியே, அதை அப்படியே, கொஞ்சம் சத்தமா, எங்க மாமியார்கிட்ட ஒரு தடவை சொல்லிடு. பொண்ணு வீட்டுக்கு வந்து ஒரு மாசமாகுது. மாப்பிள்ளைக்கு பில் ஏறிடும்னு இந்த வெக்கையிலயும் ஃபேனைப் போடாம உக்காந்திருக்காங்க."