அப்பாவின் இழை

கண்காட்சிப் பெண் டிரேசிங் தாளை அப்பா வரைந்த வெங்காயத்தோல் படத்தின் மேல் வைத்து, செல்லுக்குள் இருந்த இழையை மட்டும் பென்சிலால் நகலெடுத்தாள்.

பிறகு அந்தத் தாளை எடுத்துத் தவளை ரத்தத்தின் படத்தில் வைத்தாள். கோட்டின் மேல் கோடு அப்படியே உட்கார்ந்தது.

அடுத்தது கன்னத்தின் உள்தோல். அதிலும் அதே இடம், அதே வளைவு.

“ஐயா, வெங்காயத்துக்கும் தவளைக்கும் அச்சடிச்ச மாதிரி ஒரே வளைவு எப்படி வரும்?”

கல்லூரியின் நூற்றாண்டுக் கண்காட்சிக்கு அவள்தான் பொறுப்பு. செல்லின் வரலாற்றுக்கென்று ஒரு முழுச் சுவரை ஒதுக்கியிருந்தாள்.

தக்கைச் சீவலில் காலி அறைகளைக் கண்டவர் முதலில். அறைக்குள் உட்கருவைக் கண்டு பெயர் வைத்தவர் அடுத்து. மூன்றாவது, உட்கருவுக்குப் பக்கத்தில் ஓர் இழையைக் கண்ட எங்கள் அப்பா, இதே கல்லூரியின் ஆசிரியர். எங்கள் வீட்டில் இந்த வரிசையை யாரும் மாற்றிச் சொன்னதில்லை.

அவர் வரைந்த படங்களைத்தான் நானும் தங்கையும் கொண்டுவந்திருந்தோம்.

“எங்கப்பா இல்லாததை வரையமாட்டார்” என்றேன். எழுந்து நின்றுதான் சொன்னேன்.

“இல்லாததுன்னு நான் சொல்லலை ஐயா. இருந்திருக்கு. செல்லுல இல்லை, அவர் கண்ணுல. கண்ணுக்குள்ள ஒரு கீறல் இருந்தா, நுண்ணோக்கியில குனிஞ்சதும் எது மேலயும் அது தெரியும். படத்தை நான் மாட்டறேன். ஆனா கீழ இதைத்தான் எழுதணும்.”

“எழுதினா, படம் இங்க இருக்காது.”

“உக்காருண்ணா. சம்பந்தி வீட்டுல சண்டைக்கு நிக்கற மாதிரி நிக்கறே” என்றாள் தங்கை.

நான் உட்காரவில்லை. என் எழுபத்தெட்டு வயதில் அப்பாவின் பேரைக் கீறல் என்று எழுதவிட்டு வீடு திரும்ப முடியாது. என்னிடம் இன்னும் ஓர் ஆயுதம் இருந்தது.

“நானே சாட்சி. ஒன்பது வயசுல அவரோட நுண்ணோக்கியில பாத்தேன். இழை எனக்கும் தெரிஞ்சுது.”

“இந்த அம்மாவுக்கு?”

“இவளா? இவ அரைக்கண்ணி. இவளுக்கு எது தெரிஞ்சுது!”

தங்கை மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று அவளுக்கு ஏழு வயது. மூன்று தடவை குனிந்து பார்த்துவிட்டு, “அங்க ஒண்ணும் இல்லப்பா” என்றாள். கவனம் பத்தாத பெண் என்றார் அப்பா. அதன் பிறகு நுண்ணோக்கியின் பக்கமே அவளை விடவில்லை. வளர்ந்து அறிவியல் படிக்கக் கேட்டபோதும் விடவில்லை, தட்டச்சுக்கு அனுப்பினார். அரைக்கண்ணி என்று பேர் வைத்தவன் நான். இன்றுவரை வீட்டில் அதுதான் பேர்.

கண்காட்சிப் பெண் பேனாவை மூடினாள். என் கண்களையே பார்த்தாள்.

எனக்கு அது பிடிக்கவில்லை. முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டேன். படங்களுக்காகப் புதிதாக வெள்ளையடித்த சுவர்.

அதன் மேல் இழை இருந்தது.

புதுத் தாளிலும் மேகத்திலும் விரித்த போர்வையிலும் எப்போதும் இருப்பதுதான். எல்லோருக்கும் அப்படித்தான் என்று இத்தனை வருஷம் இருந்துவிட்டேன். யாரையும் கேட்டதில்லை.

நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தேன்.

“கீழ என்ன எழுதணும்னு என் தங்கச்சியைக் கேளுங்க” என்றேன்.