சந்தலியைக் கூப்பிட்டபோது

உடவளவைக் காட்டுக்குள் ஜீப் நின்றது. குளக்கரையில் யானைக்கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது.

“அதோ, காது கிழிஞ்சது. உங்க சந்தலிதானே அண்ணே?” என்றான் ஓட்டுநர் ருக்மன்.

சிறிசோமவுக்குக் கண் கலங்கியது. தாயில்லாக் குட்டியாகக் காப்பகத்துக்கு வந்தவளுக்கு நாலு வருஷம் பால் புகட்டியவர் அவர். அவளைக் காட்டில் விட்ட பிறகு இன்றுதான் பார்க்கிறார்.

“கூப்பிடுங்க. ஓடி வருவா பாருங்க.”

“சந்தலி... வாடி தங்கம்.” அவர் குரல் நடுங்கியது.

யானை காதை விரித்து ஜீப்பையே பார்த்தது. பிறகு கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டு புதருக்குள் போய்விட்டது.

“ஒரே வருஷத்துல மறந்துட்டா. மனசுல வெச்சுக்காதீங்க அண்ணே.” ருக்மன் அவர் தோளைத் தொட்டான்.

சிறிசோம கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

“மனுசக் குரலுக்கு ஓடி வர்ற யானை ஒருநாள் ஊருக்குள்ள போய் குண்டடி படும்டா. நான் கூப்பிட்டே வரலைன்னா, இனி எவன் கூப்பிட்டாலும் போகமாட்டா. அதைத் தெரிஞ்சுக்கத்தான் வந்தேன்.”

“அப்போ ஏன் குரல் அப்படி நடுங்குச்சு?”

“வந்துடாதேன்னு உள்ளுக்குள்ள கும்பிட்டுக்கிட்டேதானே கூப்பிட்டேன்.”