யன்னல் தகரங்கள்

"இது இருட்டிலை வளர்ந்த கன்று" என்றார் தாவரவியல் சேர், குகநேசன் கடதாசியில் சுற்றிக் கொண்டுபோன நாற்றைத் தூக்கிப் பார்த்து.

நூல்போல நீண்டு, வெளிறி, தலை தொங்கிக் கிடந்தது அது.

"இல்லை சேர். கிழக்கு யன்னல். காலமை வெய்யில் நேரை விழுது."

"அப்ப யன்னல் பூட்டிக் கிடக்குது. கன்று பொய் சொல்லாது, தம்பி."

குகநேசன் கம்பஸில் செய்முறை வகுப்புக்குத் தற்காலிக உதவியாளன். உடுப்பிட்டியில் தோட்டம் செய்யும் குடும்பத்தில் முதன்முதல் பட்டம் வாங்கியவன். வகுப்புக்கு வேண்டிய சீனியாப் பூக்கன்றுகளை வளர்த்துக் கொடுத்தால்தான் வேலை நீடிக்கும். கம்பஸ் வளவுக்குள் ஆடு புகும் என்று, இரண்டு பிஸ்கட் தகரங்களில் விதைத்து, கம்பஸை ஒட்டிய திருநெல்வேலியில் தான் தங்கியிருந்த அறையில் வைத்திருந்தான். போரால் பாதை பூட்டியிருந்த காலம். கொழும்பிலிருந்து வேறு விதை வர வழியில்லை.

தண்ணீரைக் குறைத்துப் பார்த்தான். சாம்பல் தூவிப் பார்த்தான். ஒன்றும் சரிவரவில்லை.

"எனக்கு விளங்கேல்லையடா. போகேக்கையும் யன்னலிலைதான் இருக்கு. வரேக்கையும் யன்னலிலைதான் இருக்கு."

அறைத்தோழன் லியோன் சிரித்தான். "வீட்டுக்கார அன்ரியிட்டைக் கேள், மச்சான். நீ வெளிக்கிட்டவுடனை யன்னலைச் சாத்திறா போல. அறையெல்லாம் மண் எண்டு அண்டைக்கு முணுமுணுத்தவ எல்லோ."

"சீ, அவ அப்பிடிப்பட்ட மனிசி இல்லை."

சொன்னானே தவிர, மறுநாள் காலை தகரங்களைச் சுற்றிச் சோக்கால் கோடு கீறிவிட்டுத்தான் போனான். பின்னேரம் வந்து பார்த்தால், இரண்டும் கோட்டை விட்டு ஒரு விரல் தள்ளி இருந்தன.

"அன்ரி, தகரத்தை ஆரும் அரக்கினவையோ?"

"தூசி தட்டேக்கை அரக்கியிருப்பன். வா தம்பி, சோறு ஆறுது."

அருமைநாயகி அன்ரி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவளது சேலைக் கரையில் செம்மண் ஒட்டியிருந்தது.

அவனுக்கு இன்னும் குழம்பியது. கேளாமலே இரண்டாம் முறை சோறு போடுகிற கை கன்றைக் கொல்லுமா?

அடுத்த நாள், கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று பத்து மணிக்கே சைக்கிளில் திரும்பினான். ஒழுங்கைக்குள் இறங்கும்போது வானத்தில் குண்டு போடும் பொம்மர் இரைந்தது. சைக்கிளைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினான்.

யன்னல் திறந்தபடி. தகரங்களைக் காணவில்லை.

கதிரையில் அன்ரியின் பை கிடந்தது. காணி உறுதி, நகை, கனடாவிலிருக்கும் மகனின் படம் எல்லாம் அதற்குள்தான். ஓடும்போது தூக்குவதற்கென்று வீட்டுக்கு வீடு அப்படியொரு பை தயாராக இருந்த நாட்கள் அவை.

பின்வளவில் வெட்டியிருந்த பதுங்குகுழிக்குள், பங்கருக்குள், குதித்தான். ஒரே இருட்டு. கண் பழகியதும் அருமைநாயகி தெரிந்தாள். மடியில் இரண்டு தகரங்கள். மண் விழாமல் மேலே சேலைத் தலைப்பு.

"அன்ரி! இதுகள் ஏன் இஞ்சை?"

"கோவிக்காதை தம்பி. காலமை சத்தம் கேட்டவுடனை தூக்கிக்கொண்டு ஓடி வந்திடுவன். பேந்தும் பேந்தும் வருவாங்கள் எண்டு பின்னேரம் மட்டும் இதுக்கையே விட்டிட்டு, நீ வரமுன்னம் யன்னலிலை ஏத்திப்போடுவன். உன்ரை வேலையே இதிலைதான் கிடக்குதெண்டு லியோன் சொன்னவன். உனக்குச் சொன்னால், நீ அங்கை நிண்டு யோசிச்சுக்கொண்டிருப்பாய்."

எங்கோ குண்டு விழுந்தது. கூரையிலிருந்து மண் உதிர்ந்தது. அவள் இரண்டு கைகளாலும் தகரங்களைப் பொத்தினாள்.

கன்றுக்கு வெளிச்சம் வேணும் என்று சொல்ல வாயெடுத்தவன், வேறொன்றைக் கேட்டான்.

"உங்கடை பை கதிரையிலை கிடக்குதே, அன்ரி?"

"என்ன செய்யிறது தம்பி, எனக்குக் கை ரெண்டுதானே."