மாடிக்குப் போகும் கேபிள்

"இது மூணாவது தடவை. இன்னொரு தடவை நின்னுச்சுன்னா நான் வேற ஆளைப் பார்த்துக்கிறேன்," என்றார் முதலாளி.

கம்ப்யூட்டர்காரருக்கு முகம் தொங்கிவிட்டது. பாடப்புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கும் சின்ன அலுவலகம் அது. மொத்தம் எட்டுக் கம்ப்யூட்டர்கள். எல்லாவற்றையும் ஒரு சர்வரில் இணைத்து, ஒருவர் செய்த பக்கத்தை இன்னொருவர் உட்கார்ந்த இடத்திலேயே திறக்கும்படி செய்து கொடுத்திருந்தார். பென் டிரைவோடு மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் அலைந்ததில் போன மாதம் ஒரு பழைய பக்கம் அச்சுக்கே போய்விட்டதாம். அதனால் வந்த வேலை. இதை ஒழுங்காக முடித்தால் முதலாளியின் அடுத்த கிளைக்கும் தன்னையே கூப்பிடுவார் என்று நம்பியிருந்தார். இப்போது இருப்பதும் கைநழுவிப் போகும் போலிருந்தது.

படிக்கட்டுக்கு அடியில் இருந்த சர்வர் அறைக்குள் போய்ப் பார்த்தார். கீழே உள்ள ஏழும் ஒழுங்காக ஓட, மாடிக்குப் போகும் ஒரே கேபிள் மட்டும் கழன்று தொங்கியது. முதல் இரண்டு தடவையும் இதே கதைதான். எலி வேலை என்பது முதலாளியின் முடிவு. எலியென்றால் கடித்திருக்க வேண்டும். இந்தக் கேபிளோ நுனியில் உள்ள கொக்கியை அழுத்திப் பிடித்தால்தான் கழலும். அப்படியானால் அது கட்டைவிரல் உள்ள எலியாக இருக்க வேண்டும்.

கேபிளைச் சொருகினார். டீ குடிக்கப் போவதாகச் சத்தமாகச் சொல்லிவிட்டு, கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டார். எலிக்குக் காத்திருந்தவருக்குப் பூனை அகப்பட்டது. வரவேற்பு மேசையில் இருக்கும் பெண் ஓசைப்படாமல் உள்ளே வந்து கேபிளில் கை வைத்தாள்.

"ஏம்மா, என் பொழப்புல மண்ணைப் போடுறியே. நான் உனக்கு என்ன செஞ்சேன்?"

அவள் சட்டென்று கையை எடுத்தாள். கண் கலங்க, தட்டுத் தடுமாறிச் சொன்னாள். கீழே பக்கம் அமைக்கும் மேடம், முடித்ததைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, மாடியில் பிழை திருத்தும் சாரிடம் கொடுக்கப் போவாராம். ஒரு நாளைக்கு ஆறேழு முறை. அப்போதுதான் இருவரும் வேலையைப் பற்றியாவது நாலு வார்த்தை பேசிக்கொள்வார்களாம். கேபிள் வந்ததிலிருந்து மேடம் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதே இல்லையாம்.

கம்ப்யூட்டர்காரர் இருவரையும் பார்த்திருக்கிறார். இருவருக்குமே தலை பாதி நரைத்துவிட்டது.

"காதலா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"காதல்லதாண்ணா ஆரம்பிச்சது," என்றாள் தரையைப் பார்த்தபடி. "முதலாளிகிட்ட சொல்லிடாதீங்கண்ணா. எனக்கு வேலை போனாக்கூடப் பரவாயில்ல. அவங்க ரெண்டு பேருக்கும் தலைகுனிவாயிடும்."

யாரோ இருவருடைய காதலுக்காக இந்தப் பெண் தன் வேலையையே பணயம் வைக்கிறாளே என்று நினைத்ததும் அவருக்குக் கோபமெல்லாம் வடிந்துவிட்டது. ஒரு வழி இருப்பதாக அவளிடம் சொல்லிவிட்டு, சர்வர் முன்னால் உட்கார்ந்தார். யார் எந்த ஃபோல்டரைத் திறக்கலாம் என்று அனுமதி கொடுக்கும் இடம் அதில் உண்டு. எல்லாருக்கும் எல்லாவற்றையும் திறந்துவிட்டார். அந்த இருவருக்கு மட்டும், ஒருவருடையதை மற்றவர் திறக்க முடியாதபடி பூட்டு போட்டார். பிறகு முதலாளியிடம் போய், முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு சொன்னார்.

"எல்லாம் சரியாயிடுச்சு சார். மேல ஒண்ணும் கீழ ஒண்ணும், அந்த ரெண்டுக்கு மட்டும் ஒத்துப்போகல. கொஞ்ச நாள் நேர்லயே கொண்டுபோய்க் கொடுத்துக்கட்டும்."

முதலாளி முணுமுணுத்தார். மற்றதெல்லாம் ஓடுவதைப் பார்த்துச் சமாதானமானார். தெரிந்தே சொன்ன பொய் கம்ப்யூட்டர்காரரை வீடு வரைக்கும் உறுத்தியது.

பத்து நாள் கழித்து அந்த அலுவலகத்திலிருந்து போன் வந்தது. போச்சு, மறுபடி நின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டே எடுத்தார். பேசியது அந்தப் பெண்.

"அண்ணா, நீங்க போட்ட பூட்டை இனிமே எடுத்துடலாம்ணா," என்றாள். "எட்டு மாசமா வீட்டுல ஒரு வார்த்தை பேசாம இருந்த எங்கம்மா, இன்னைக்கு மாடிக்குப் போய் பென் டிரைவைக் கொடுத்துட்டு, 'சாப்பிட்டீங்களா'ன்னு அப்பாகிட்ட கேட்டுட்டாங்க."