எஸ்தர் மறைத்தது

ஞானதுரையும் எஸ்தரும் வேனையே வீடாக்கிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பி மூன்று மாதமாகியிருந்தது. அன்று காலை, சளியில் மூக்கடைத்திருந்த அவர் புது கேஸ் சிலிண்டரில் ரெகுலேட்டரை மாட்டிவிட்டு, "வாடை ஏதும் வருதா எஸ்தர்?" என்று கேட்டார்.

"இல்லீங்க."

எதற்கும் இருக்கட்டுமென்று சோப்புத் தண்ணீரைத் தடவினார். குமிழி குமிழியாகப் பொங்கியது. பதறிப்போய் வால்வை மூடிவிட்டு அவளைப் பார்த்தார்.

"போன மாசக் காய்ச்சலுக்கப்புறம் எனக்கு எந்த வாசனையும் தெரியலைங்க. சொன்னா வண்டியை வீட்டுக்குத் திருப்பிருவீங்களேன்னுதான்..."

அவர் கிழிந்திருந்த ரப்பர் வளையத்தை மாற்றி, வால்வைத் திறந்தார். சோப்புக் கிண்ணத்தை அவளிடம் நீட்டினார். எஸ்தர் தடவிவிட்டு, கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு குமிழிகூட எழவில்லை.

"இனிமே தினமும் இது உன் வேலை," என்றார். "சரி, அடுத்து எந்த ஊரு?"